சம்பளமில்லா நாற்காலி

2007ஆம் ஆண்டு பிரிட்டனில் இயற்கை வேளாண்மைக்காரர்களுக்குள் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. கென்யாவில் ரசாயன உரமோ பூச்சிமருந்தோ படாமல் விளைந்த பீன்ஸ் விமானம் ஏறி, பறித்த ஓரிரு நாளில் லண்டன் கடைக்கு வந்துவிடும். அதன் பொட்டலத்தில் இயற்கை விளைபொருள் என்ற முத்திரை இருக்கலாமா? விமானம் கக்கும் புகையைக் கணக்கில் எடுத்தால் கூடவே கூடாது என்றது ஒரு தரப்பு. அந்த முத்திரையை நம்பித்தான் ஆப்பிரிக்கச் சிறு விவசாயி நாலு காசு கூடுதலாகப் பார்க்கிறார், அவர் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள் என்றது மறு தரப்பு. கென்யாவிலிருந்து எதிர்ப்பு வந்தது. பிரிட்டிஷ் அமைச்சரும் பேசினார்.

முத்திரையை வழங்குவது சாயில் அசோசியேஷன் என்ற மண் சங்கம். அது அரசுத் துறையும் இல்லை, லாபம் பங்கிடும் கம்பெனியும் இல்லை. 1946இல் தொடங்கிய அறக்கட்டளை. மாதக்கணக்கில் எல்லாத் தரப்பிடமும் கருத்துக் கேட்டார்கள். பிரிட்டனுக்கு வரும் இயற்கை விளைபொருள் இறக்குமதியில் விமானத்தில் வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி ஏழை நாடுகளில் விளைவது என்று தெரியவந்தது. அக்டோபரில் சங்கம் ஒரு வழியைச் சொன்னது: முழுத் தடை வேண்டாம், ஆனால் விமானத்தில் வரும் பொருள் நியாயமான கூலி, நியாயமான வணிகம் ஆகியவற்றுக்கான விதிகளுக்கும் உட்பட வேண்டும். இரண்டு தரப்புக்கும் முழுத் திருப்தி இல்லை.

இப்படிப்பட்ட விஷயங்களில் ஆய்வறிக்கை எழுத ஊழியர்கள் உண்டு. தரவிதிகளை அலச வல்லுநர் குழு உண்டு. பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்க்க ஆய்வாளர்கள் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் மேலே, சங்கத்தின் போக்குக்குக் கடைசிப் பொறுப்பாளிகளாகச் சட்டம் கைகாட்டுவது ஒரு சிறு குழுவைத்தான். அவர்கள் அறங்காவலர்கள். ஒருவர் பால் பண்ணை வைத்திருப்பார், இன்னொருவர் கணக்குத் தணிக்கை தெரிந்தவர், மற்றொருவர் உணவுத் துறையில் பழுத்தவர். ஆண்டுக்குச் சில முறை கூடி, தடித்த கோப்புகளைப் படித்து, விவாதித்து, முடிவெடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். இதற்காக அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ரயில் கட்டணம் போன்ற செலவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,70,000 பதிவுபெற்ற அறக்கட்டளைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை நடத்துவது இப்படிப்பட்டவர்கள்தான். சம்பளம் இல்லை என்பதால் பொறுப்பு குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. அமைப்பின் பணம் அதன் நோக்கத்துக்குத்தான் போகிறதா, கடன் கழுத்தை நெரிக்கிறதா, தலைமை நிர்வாகி சரியான ஆளா என்பதற்கெல்லாம் அவர்களே பதில் சொல்ல வேண்டும். அலட்சியமாக நடந்து நட்டம் வந்தால், சில சமயம் சொந்தப் பணத்துக்கே ஆபத்து வரும். அதே நேரத்தில் அவர்கள் தலையிடக் கூடாத இடங்களும் உண்டு. ஒரு பண்ணைக்குச் சான்றிதழ் கொடு என்று ஆய்வாளரிடம் சொல்ல முடியாது. அலுவலகத்தில் யார் எந்த மேசையில் உட்காருவது என்பதும் அவர்கள் வேலை அல்ல. எங்கே கை வைக்க வேண்டும், எங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று பிரித்தறிவதில்தான் பல நல்ல குழுக்கள் தடுமாறுகின்றன.

உழவு அமைப்புகளில் இந்தப் பொறுப்பு இன்னும் கனமானது. காரணம் காலம். நன்கொடை நிறுவனங்கள் பணம் தருவது ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோதான். ரசாயனம் தின்று பழகிய நிலம் அந்தக் கால அட்டவணைப்படி மாறாது. ஐரோப்பிய விதிகளின்படி ஒரு வயல் இயற்கை வயல் என்று பெயர் வாங்குவதற்கே, ஆண்டுப் பயிரானால் பொதுவாக விதைப்புக்கு முன் இரண்டாண்டு மாற்றக் காலம் வேண்டும். மண்ணில் மக்கு ஏறி, மண்புழு பெருகி, விளைச்சல் நிலைகொள்ள அதற்கும் மேலே ஆகலாம். திட்டம் முடிந்ததும் ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பணம் கொடுத்தவர் வேறு தலைப்புக்குத் தாவிவிடுவார். ‘இந்த வயலை நாம் கைவிடக் கூடாது’ என்று அப்போதும் நினைவு வைத்திருக்க வேண்டியவர்கள் குழுவில் இருப்பவர்களே.

மண் சங்கத்தின் பிறப்பே இதற்கு நல்ல சாட்சி. ஈவ் பால்ஃபர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஆர்தர் பால்ஃபரின் தம்பி மகள். பெண்கள் வேளாண்மை படிப்பது அபூர்வமாக இருந்த காலத்தில் ரெடிங்கில் போய்ப் படித்தார். 1919இல், 21 வயதில், சகோதரியோடு சேர்ந்து சஃபோக் பகுதியில் ஹாலி என்ற ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வாங்கினார். ரசாயன உரம் நல்லதா கெட்டதா என்ற சண்டை அப்போதே ஆரம்பித்திருந்தது. வாயால் சண்டை போடுவதைவிட நிலத்தில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். பக்கத்துப் பண்ணைக்காரரான ஆலிஸ் டெபனமின் நிலத்தையும் சேர்த்துக்கொண்டு 1939இல் சோதனை தொடங்கியது.

நிலத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் மாடும் பயிரும் உண்டு, ரசாயனம் கிடையாது. அந்த மாடு தின்பது அந்த வயலின் புல், அந்த வயலுக்குப் போவது அந்த மாட்டின் எரு. இரண்டாவது பகுதியில் மாடும் உண்டு, ரசாயன உரமும் உண்டு. மூன்றாவதில் மாடே இல்லை, பயிரும் ரசாயனமும் மட்டும். விதையும் தீவனமும் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பருவத்தில் எத்தனை மூட்டை விளைந்தது என்று எண்ணிவிட்டுப் போகும் சோதனை அல்ல இது. மண், செடி, மாடு, மீண்டும் மண் என்று தலைமுறை தலைமுறையாகச் சுற்றும் சங்கிலி முழுவதையும் பார்க்க வேண்டும் என்பது பால்ஃபரின் பிடிவாதம்.

1943இல், போருக்கு நடுவே, ‘தி லிவிங் சாயில்’ என்ற அவருடைய புத்தகம் வெளிவந்து பல முறை அச்சானது. அந்தப் புத்தகத்தின் வேர்களில் இரண்டு இந்தியாவில் இருக்கின்றன. ஒன்று, இந்தோரில் ஆல்பர்ட் ஹோவர்டு உருவாக்கிய மக்கு உர முறை. மற்றொன்று நம் நீலகிரியில், குன்னூரில். அங்கே ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்தினார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபி உணவு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாண உணவு சாப்பிட்டவை நோஞ்சானாகின. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர் என்று இங்கிலாந்து ஏழைகளின் உணவைக் கொடுத்தபோது எலிகளுக்கு நுரையீரலும் குடலும் கெட்டன. வலுத்தது இளைத்ததைக் கடித்துத் தின்னத் தொடங்கியது. கோயம்புத்தூரில் இருந்த வேளாண் வேதியியலாளர் விஸ்வநாத்துடன் சேர்ந்து மெக்கரிசன் இன்னொரு ஆய்வும் செய்தார். தொழுவுரத்தில் விளைந்த சிறுதானியத்துக்கும் ரசாயன உரத்தில் விளைந்ததுக்கும் சத்தில் வேறுபாடு உண்டா என்பது கேள்வி. தொழுவுரம்தான் மேல் என்று அந்த ஆய்வு சொன்னது. மண்ணின் நலமும் மனிதனின் உடல்நலமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்ற எண்ணம், குன்னூர்க் கூண்டுகளிலிருந்தும் கோவை வயல்களிலிருந்தும் சஃபோக் வரை போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

புத்தகம் படித்தவர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அவர்களைச் சேர்த்து 1946இல் சங்கம் பதிவானது. தொடங்கியவர்களில் உழவர்கள் மட்டும் இல்லை. லண்டன் பெக்கம் பகுதியில் புகழ்பெற்ற நலவாழ்வு மையம் நடத்திய மருத்துவர்கள் இருந்தார்கள், விஞ்ஞானிகள், எழுத்தாளர்கள் இருந்தார்கள். ஹோவர்டு மட்டும் கடைசிவரை சேரவில்லை. அடுத்த ஆண்டே ஹாலி சோதனையைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அங்கே ஆரம்பித்தது பணப் போராட்டம். தலைமுறைக் கணக்கில் நடக்க வேண்டிய சோதனைக்கு உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும் மட்டுமே ஆதாரம். வயலில் உழைப்பவருக்குக் கூலி, ஆய்வுக்கூடச் செலவு, மாட்டுத் தீவனம் என்று ஆண்டுதோறும் பணம் தேடுவதே நிர்வாகக் குழுவின் வேலையாகிப்போனது. 1960களின் இறுதியில் சோதனை நின்றது.

பலன் இல்லாமல் போகவில்லை. மண்ணில் செடிக்குக் கிடைக்கும் சத்து ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை, பயிருக்குத் தேவையான பருவத்தில் அது ஏறுகிறது, ரசாயனம் போடாத பகுதியில்தான் இந்த ஏற்ற இறக்கம் மிகத் தெளிவாகத் தெரிந்தது என்று பால்ஃபர் பின்னாளில் விவரித்தார். அந்தப் பகுதி மாடுகள் குறைவாகத் தின்று கூடுதலாகப் பால் கறந்தன என்றும் சொன்னார். ஆனால் விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு பகுதிதான் இருந்தது. வேறுபாடு முறையால் வந்ததா, அந்த மண்ணின் இயல்பால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. முதல் நாளே நிர்வாகக் குழுவில் யாராவது அதை அழுத்திக் கேட்டிருந்தால், அந்த நீண்ட உழைப்புக்கு இன்னும் எவ்வளவு மதிப்பு கிடைத்திருக்கும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

குழுவில் யார் இருக்கிறார்கள், யாரை வேலைக்கு வைக்கிறார்கள் என்பது அமைப்பின் முகத்தையே மாற்றிவிடும் என்பதற்கும் இதே சங்கம் சான்று தருகிறது. அதன் பத்திரிகையான ‘மதர் எர்த்’தை 1963 வரை நடத்தியவர் ஜோரியன் ஜெங்க்ஸ். உழவு பற்றி நன்றாக எழுதியவர். ஆனால் பிரிட்டிஷ் பாசிச இயக்கத்தில் தீவிரமாக இருந்து, போர்க் காலத்தில் காவலில் வைக்கப்பட்டவர். மண்மீது பற்று வைப்பவர் எல்லோரும் மனிதர்கள்மீதும் அதே பற்று வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. அவர் இறந்த பிறகு பத்திரிகையின் குரல் மாறியது. 1970களில் ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ எழுதிய ஷூமாக்கர் சங்கத்தின் தலைவரானார். 1980களில் இளம் உழவர்கள் நிர்வாகத்துக்குள் வந்தார்கள். 1985இல் தலைமையகம் பிரிஸ்டல் நகரத்துக்கு மாறியது. மேற்கு வேல்ஸில் பால் பண்ணை வைத்திருந்த பாட்ரிக் ஹோல்டன் 1995 முதல் 2010 வரை இயக்குநராக இருந்தார். ஆய்வுப் பண்ணை நடத்திய சங்கம், சூப்பர் மார்க்கெட் பொட்டலங்களில் முத்திரை பதிக்கும் சங்கமாக வளர்ந்தது.

முத்திரை வந்ததும் புதுச் சிக்கலும் வந்தது. சான்றிதழ் தரும் வேலையைச் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு தனி நிறுவனம் செய்கிறது. அதற்குப் பண்ணைகள் கட்டணம் கட்டுகின்றன. அறங்காவலர் ஒருவர் உழவராக இருந்தால், அவருடைய பண்ணையும் அதே முத்திரை வாங்கியிருக்கலாம். கட்டணத்தை ஏற்றுவதா இறக்குவதா, கோழிப் பண்ணை விதியை இறுக்குவதா தளர்த்துவதா என்று பேசும்போது அவர் யாருக்காகப் பேசுகிறார்? இதற்காக உழவரையே குழுவில் சேர்க்கக் கூடாது என்றால், உழவு தெரியாதவர்கள் உழவுக்கு விதி எழுதுவார்கள். அதனால் நடைமுறையில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தன் நலன் எங்கே எல்லாம் குறுக்கிடும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் அந்தப் பொருள் வரும்போது சொல்லிவிட்டு, தேவையானால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் வெளியே போனதும் திரும்பி வந்ததும் கூட்டக் குறிப்பில் ஏறும். சின்னச் சடங்குபோலத் தோன்றும். ஆனால் ஒரு முத்திரைமீது மக்கள் வைக்கும் நம்பிக்கை இந்த மாதிரிக் காகிதங்களில்தான் நிற்கிறது.

2014இல் சங்கத்தின் அறங்காவலர்களில் நான்கு பேர் ஒன்றாகப் பதவி விலகினார்கள். இயற்கை வேளாண்மை என்று உரக்கச் சொல்லவே அமைப்பு தயங்குகிறது, பொதுவான இனிப்புப் பேச்சுக்கு மாறிவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இன்னும் அதிகம் பேரைச் சென்றடையவே பேச்சை மாற்றினோம் என்பது நிர்வாகத்தின் பக்கம். யார் சரி என்று வெளியே நின்று தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. ஆனால் அந்த விலகல் ஒரு காரியம் செய்தது. உள்ளே மூடிய அறையில் நடந்த விவாதத்தை உறுப்பினர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தது. சம்பளத்தை நம்பி இருப்பவர் மாதத் தவணையையும் பிள்ளைகள் படிப்பையும் நினைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். சம்பளம் வாங்காதவருக்கு அந்தக் கட்டு இல்லை. இந்த முறையின் பெரிய பலம் அதில்தான் இருக்கிறது.

பலவீனமும் அதே இடத்தில்தான். ஆட்டுக்குட்டி போடும் பருவத்தில், அறுவடை வாரத்தில், நாளுக்கு இரண்டு முறை பால் கறக்க வேண்டிய வீட்டில், ஒரு முழு நாளை விட்டுவிட்டு நகரத்துக்குக் கூட்டத்துக்குப் போக யாரால் முடியும்? பால் கறக்க ஆள் வைத்தால் அந்தக் கூலியை யார் தருவார்கள்? ரயில் கட்டணம் கிடைக்கும், போன நாள் திரும்பக் கிடைக்காது. இதனால் பல அமைப்புகளில் ஓய்வுபெற்றவர்களும் நகரத்து வசதியானவர்களும்தான் நாற்காலிகளை நிரப்புகிறார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல, அவர்களிடம்தான் நேரம் இருக்கிறது. ஆனால் ஐந்து ஏக்கர்க்காரியின் கவலை அந்த மேசைக்கு வராமலே போய்விடும். உண்மையான உழவரை உட்கார வைக்க விரும்பும் அமைப்பு, கூட்டத் தேதியை உழவின் நாட்காட்டியைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் அமைப்பு இதை நன்றாகவே செய்திருக்கிறது. 1980களில் அங்கே நில விலை சரிந்து, வட்டி ஏறி, பண்ணைகள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பூன் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுமார் 300 ஏக்கர் வைத்திருந்த டிக் தாம்ப்ஸனும் அவர் மனைவி ஷாரனும் 1960களின் இறுதியிலேயே ரசாயனத்தைப் பெரிதும் விட்டு, மக்காச்சோளம், சோயா, ஓட்ஸ், தீவனப்புல் என்று பயிர் சுழற்சிக்கும் மாட்டெருவுக்கும் திரும்பியிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் நம்பவில்லை. 1985இல் அவர் வேறு சிலரோடு சேர்ந்து ‘பிராக்டிகல் ஃபார்மர்ஸ் ஆஃப் அயோவா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இயற்கை உழவர் மட்டுமே சேரலாம் என்ற விதி வைக்கவில்லை. ரசாயனம் போடுபவரும் வரலாம், செலவைக் குறைக்கவும் மண்ணைக் காக்கவும் வழி தேடுபவர் யாரும் வரலாம்.

ஹாலியில் விட்டுப்போனதை இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பல்கலைக்கழக வல்லுநர்களோடு உட்கார்ந்து, உழவர் தன் சொந்த வயலிலேயே செய்யக்கூடிய முறை ஒன்றை வகுத்தார்கள். விதைக்கும் இயந்திரத்தின் அகலத்துக்கு வயலை நீளநீளப் பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பட்டையில் வழக்கமான உரம், பக்கத்துப் பட்டையில் குறைத்த உரம். இதே ஜோடியை ஆறு முறையாவது திரும்பச் செய்ய வேண்டும். எந்தப் பட்டைக்கு எது என்று உழவர் ஆசைப்பட்டபடி வைக்கக் கூடாது, குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். அறுத்ததைப் பட்டை பட்டையாகத் தனித்தனியே எடை போட வேண்டும். 1987 முதல் இப்படிச் சோதனைகள் நடந்தன. தழைச்சத்து உரத்தைக் குறைத்தும் விளைச்சல் இறங்காத வயல்கள் பல என்று தெரிந்தபோது, அது பிரசாரமாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் எடைக் கணக்காக இருந்தது.

அந்த அமைப்பின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் வாக்கால் பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பெரும்பாலும் உழவர்கள். அடுத்த ஆண்டு எதைச் சோதிப்பது என்பதை அலுவலகம் சொல்வதில்லை. வயல் வேலை ஓய்ந்த காலத்தில் சோதனை செய்த உழவர்கள் கூடி, வெற்றியையும் தோல்வியையும் எண்களோடு வைத்து, தாங்களே முடிவு செய்கிறார்கள்.

குழுவில் இருப்பவர் ஊழியராக மாறுவதும் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1971இல் தொடங்கிய இயற்கை உழவர், தோட்டக்காரர் சங்கத்தில் ரசல் லிபி என்பவர் 1983இல் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். 1995இல் அதன் செயல் இயக்குநரானார், 2012 வரை இருந்தார். அப்படி மாறும்போது குழு நாற்காலியை விட்டுவிட வேண்டும் என்பது நல்ல அமைப்புகளில் எழுதாத விதி.

தமிழ்நாட்டிலும் இயற்கை வேளாண்மைக்கான அறக்கட்டளைகளும், 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த சங்கங்களும் இருக்கின்றன. ‘உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறோம், கூட்டத்துக்கு வந்தால் போதும்’ என்று யாராவது அழைத்தால், உடனே சரி என்று சொல்லிவிட வேண்டாம். முந்தைய மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். எத்தனை மாதச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறது, ஒரே நன்கொடையாளரை நம்பி எவ்வளவு பணம் ஓடுகிறது என்று பார்க்கலாம். கடந்த ஆண்டுக் கூட்டக் குறிப்புகளில் யாராவது ஒருவராவது ஒரு தீர்மானத்துக்கு மறுப்புச் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று தேடலாம். பிறகு குழுவில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்துவைத்து, அவர்களில் எத்தனை பேரின் நிலத்தில் இந்தப் பட்டத்தில் பயிர் நிற்கிறது என்று கேட்கலாம்.